பெயரை விட்டுவிட்டுப் படிவத்தைத் திருத்துங்கள்

திருகோணமலை மாவட்டச் செயலாளர் அவர்களுக்கும், மாவட்டத்தின் பிரதேச செயலாளர்களுக்கும், உள்ளூராட்சி மன்றங்களின் தலைவர்கள், உறுப்பினர்கள் அனைவருக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரியவர்களே,

ஒரே பெயரில் இரண்டு மூன்று வீதிகளும் குடியிருப்புகளும் இருப்பதால் கடிதங்களும் பொதிகளும் நோயாளர் காவு வண்டிகளும் வழிதவறுகின்றன என்றும், ஆகவே ஒன்றை மட்டும் விட்டுவிட்டு ஏனையவற்றுக்குப் புதுப்பெயர் சூட்டிவிடலாம் என்றும் ஒரு யோசனை நமது மாவட்டத்தில் அவ்வப்போது எழுவதும் அடங்குவதுமாக இருக்கிறது. அது எங்கேனும் ஒரு மன்றத்தின் தீர்மானமாகிவிடுவதற்கு முன்னர், தபால் பகுதியில் வேலை செய்து ஓய்வுபெற்றவன் என்ற முறையில் சில விடயங்களை உங்கள் முன் வைக்க விரும்புகிறேன். என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பல இடங்களுக்கு ஒரு பெயர் இருப்பதில் குறையில்லை. அந்தப் பெயரை எழுதும் படிவத்திலும் பலகையிலும் பட்டியலிலுமே குறை இருக்கிறது.

எந்த ஊரிலும் ஒரே பெயரால் குழம்புகிறவர் அந்த ஊரவர் அல்லர். மூதூர்ப் பக்கத்தில் ஒருவர் தோப்பூருக்குப் போவதாகச் சொன்னால், எந்தத் தோப்பூர் என்று யாரும் திருப்பிக் கேட்பதில்லை. ஆனால் மதுரைக்கு அருகிலும் ஒரு தோப்பூர் உண்டு. அங்கே எய்ம்ஸ் மருத்துவமனைக்கு 2019 இல் அடிக்கல் நாட்டப்பட்ட நாளிலிருந்து அதன் பெயர் செய்திகளில் ஓயாமல் அடிபட்டுக்கொண்டிருக்கிறது. தருமபுரி மாவட்டத்தில், நெடுஞ்சாலை விபத்துகளுக்குப் பேர்போன கணவாய்ப் பாதையில் இருப்பது தொப்பூர். தமிழில் எழுதினால் குறிலும் நெடிலும் தருமபுரியைப் பிரித்துக் காட்டிவிடும். ஆங்கில எழுத்தில் மூன்றும் ஒன்றாகிவிடுகின்றன. கொழும்பிலிருந்து நமது தோப்பூரின் வைத்தியசாலையை இணையத்தில் தேடுகிறவர் மதுரைக்கும் தருமபுரிக்கும் போய்ச் சுற்றிவிட்டே கொட்டியாரக் குடாவுக்குத் திரும்ப வேண்டியிருக்கிறது. இதற்காகத் தோப்பூர் மக்கள் தங்கள் ஊரின் பெயரை மாற்ற வேண்டும் என்று எவரும் சொல்லமாட்டார்கள் என நம்புகிறேன். அப்படியானால், ஒரே நகருக்குள் இருக்கும் இரண்டு பாடசாலை வீதிகளின் மக்களிடம் மட்டும் அதை எப்படிக் கேட்க முடியும்?

உலகத்தின் பெரிய தவறுகளும் இப்படித் தூரத்தில் இருந்தவர்களின் தவறுகள்தாம். 2002 இல் பிரித்தானியாவைச் சேர்ந்த ஓர் இளஞ்சோடி அவுஸ்திரேலியாவின் சிட்னிக்குப் போவதாக எண்ணிக்கொண்டு, கனடாவின் நோவா ஸ்கோஷியாவிலுள்ள சிட்னியில் போய் இறங்கியது. 2008 இல் இங்கிலாந்தின் பேர்மிங்ஹாம் மாநகர சபை தன் மக்களுக்கு நன்றி தெரிவித்து அச்சிட்ட துண்டுப்பிரசுரத்தில், அமெரிக்காவின் அலபாமா மாநிலத்திலுள்ள பேர்மிங்ஹாமின் கட்டடங்கள் காட்சியளித்தன. இந்த இரண்டாவது தவறு நம்மவர்கள் கவனிக்க வேண்டியது. அதைச் செய்தது ஒரு மாநகர சபை, அதுவும் தன் சொந்த நகரத்தைப் பற்றி. அதன் பிறகும் இரண்டு பேர்மிங்ஹாம்களும் பெயர் மாறாமலே இருக்கின்றன. சிந்து நதிக்கரையிலும் தக்காணத்திலும் இரண்டு ஹைதராபாத்துகள் இருக்கின்றன. கொங்கோ ஆற்றின் இரு கரைகளிலும் கொங்கோ என்ற பெயரில் இரண்டு நாடுகள் நேருக்கு நேர் நிற்கின்றன. உலகம் அவற்றைத் தலைநகரங்களைச் சேர்த்து, கின்ஷாசா கொங்கோ என்றும் பிரசவில் கொங்கோ என்றும் அழைத்துப் பிரச்சினையை முடித்துக்கொண்டது.

அடைமொழி சேர்த்துப் பிரிக்கும் இந்த வழி தமிழருக்குப் புதியதன்று. தேவாரம் பாடப்பெற்ற தலங்களின் வரிசையைப் பாருங்கள். காவிரி நாட்டில் திருக்காட்டுப்பள்ளி இரண்டு. ஒன்று மேலைத் திருக்காட்டுப்பள்ளி, மற்றது கீழைத் திருக்காட்டுப்பள்ளி. குரங்காடுதுறை இரண்டு, ஒன்று வடகுரங்காடுதுறை, மற்றது தென்குரங்காடுதுறை. சென்னைப் பக்கத்தில் இருப்பது வடதிருமுல்லைவாயில், சீர்காழிப் பக்கத்தில் இருப்பது தென்திருமுல்லைவாயில். தேவாரம் கோணமாமலை என்று பாடும் நமது திருகோணமலையின் கதை இன்னும் சுவையானது. பாளி நூல்கள் கோகண்ண என்று குறிப்பிடும் இத்துறைமுகத்தின் பெயர், கர்நாடகக் கடற்கரையிலுள்ள கோகர்ணத்தின் பெயரோடு ஒன்றாக நிற்கிறது. அந்தக் கோகர்ணமும் தேவாரப் பாடல் பெற்ற தலமே. புதுக்கோட்டையிலும் ஒரு திருக்கோகர்ணம் இருக்கிறது. தேவாரத் தலங்களை வகுத்தவர்கள் எவருடைய பெயரிலும் கைவைக்கவில்லை. கர்நாடகத்துக் கோகர்ணத்தைத் துளுவ நாட்டின் கீழும் நமது தலத்தை ஈழ நாட்டின் கீழும் எழுதிவைத்தார்கள். பிரிவு நாட்டின் பெயரில் இருந்தது. தலத்தின் பெயர் தலத்துக்கே இருந்தது.

ஆட்களுக்கும் இதே முறைதான். சங்கப் புலவர்களுள் சாத்தன் என்ற பெயருடையவர் பலர். அவர்களைத் தொகுப்பாசிரியர்கள் ஊராலும் தொழிலாலும் உடல் அடையாளத்தாலும் பிரித்தார்கள்: மதுரைக் கூலவாணிகன் சீத்தலைச் சாத்தனார், உறையூர்க் கதுவாய்ச் சாத்தனார், பெருந்தலைச் சாத்தனார், ஆலம்பேரி சாத்தனார். நக்கீரனார் தந்தையின் தொழிலோடும் ஊரோடும் சேர்ந்து மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார் ஆனார். நமது நாட்டின் பெயரைத் தாங்கி நிற்கும் ஈழத்துப் பூதன்தேவனாரும் அந்த வரிசையில் இருக்கிறார். அவர் எங்கிருந்து வந்தவர் என்பதை நாம் இன்று அறிவதற்குக் காரணம், யாரோ ஓர் ஏடெழுதுவோன் பெயருக்கு முன்னால் ஊரையும் எழுதினான் என்பதே. இன்றைய படிவம் ஒன்றை நிரப்பச் சொல்லியிருந்தால் அவர் வெறும் பூ. தேவன் ஆகியிருப்பார்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. அதை மறைப்பது முறையாகாது. லண்டன் மாநகரம் ஒரே பெயர்த் தெருக்களை உண்மையிலேயே மாற்றியது. 1855 இல் உருவான பெருநகர வேலைகள் சபை அந்த வேலையைத் தொடங்கியது. அதன் பின் வந்த லண்டன் கவுன்றி சபை 1930 களிலும் அதைச் செய்துகொண்டிருந்தது. அதாவது, முக்கால் நூற்றாண்டு கடந்தும் வேலை முடியவில்லை. ஆனால் அதே 1850 களின் பிற்பகுதியில் லண்டன் தபால் பகுதி வேறொன்றைச் செய்தது. நகரத்தைக் கிழக்கு, மேற்கு, வடக்கு, தெற்கு எனத் தபால் வட்டாரங்களாகப் பிரித்து, விலாசத்தின் முடிவில் அந்த எழுத்தைச் சேர்க்குமாறு மக்களைக் கேட்டது. பெயர் மாற்றுகிறவர்கள் தெருத்தெருவாக நடந்துகொண்டிருக்கையில், தபால்காரருக்குத் தேவையான பதில் கடித உறையிலேயே வந்துவிட்டது. கொழும்பு 6 என்று எழுதினால் வெள்ளவத்தை என்று நாம் எல்லோரும் உடனே விளங்கிக்கொள்வது அந்த முறையின் தொடர்ச்சியே. இந்தியாவில் 1972 ஆகஸ்ட் 15 அன்று ஆறிலக்க அஞ்சல் குறியீட்டை நடைமுறைப்படுத்தியதற்கும், ஒரே பெயருடைய ஊர்களின் பெருக்கம் ஒரு முதன்மையான காரணமாக இருந்தது. நமக்கு ஐந்து இலக்கங்கள் தரப்பட்டிருக்கின்றன. திருகோணமலை நகருக்கு 31000 என்று எழுதுகிறவர்கள் எத்தனை பேர் என்று என்னைக் கேட்காதீர்கள்; மேசையில் குவிந்த உறைகளைப் பிரித்த எவரும் பெருமூச்சுத்தான் விடுவார்கள்.

பெயரை மாற்றினால் என்ன நடக்கும் என்பதற்கு நமது ஊரின் பெயரே ஒரு சாட்சி வைத்திருக்கிறது. 1817 இல் பம்பாயில், வாடியா குடும்பத்தாரின் தலைமையில், தேக்கு மரத்தால் கட்டப்பட்ட பிரித்தானியப் போர்க்கப்பல் ஒன்றுக்குத் திருகோணமலை என்று பெயரிட்டார்கள். 1897 இல் கொப் என்பவர் அதை விலைக்கு வாங்கினார். அவரிடம் முன்னர் இருந்த பூட்ரோயன்ற் என்ற கப்பல், நெல்சன் தளபதியின் கொடியைத் தாங்கியது, அதே ஆண்டில் பிளாக்பூல் கரையில் புயலில் சிக்கி உடைந்துபோயிருந்தது. அதன் நினைவாகத் திருகோணமலைக் கப்பலின் பெயரை நீக்கிவிட்டு, அழிந்த கப்பலின் பெயரையே இதற்கும் சூட்டினார்கள். ஏறத்தாழத் தொண்ணூறு ஆண்டுகள் அது இன்னொரு கப்பலின் பெயரைச் சுமந்தபடி இளைஞர்களுக்குக் கடற்பயிற்சி அளித்தது. அதைத் திருத்தியமைப்பதற்காக 1987 இல் வட இங்கிலாந்தின் ஹாட்டில்பூலுக்குக் கொண்டுவந்தவர்கள், 1992 இல் பழைய பெயரைத் திரும்பச் சூட்டினார்கள். இன்று பிரித்தானியாவில் மிதந்துகொண்டிருக்கும் போர்க்கப்பல்களுள் மிகப் பழையது அதுவே. அதன் பின்புறத்தில் நமது ஊரின் பெயர் எழுதப்பட்டிருக்கிறது. இடைக்காலப் பெயரில் வந்த கடிதங்கள், பதிவேடுகள், பயிற்சிச் சான்றிதழ்கள் ஆகியவற்றையெல்லாம் ஒரே கப்பலுக்குரியவை என்று வரலாற்றாசிரியர்கள் இன்னமும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்தக் கப்பல் பசிபிக் கடலில் பணியாற்றிய காலத்தின் அடையாளமாகக் கனடாவின் மேற்குக் கரையில், கலியானோ தீவுக்கும் சோல்ற்ஸ்பிறிங் தீவுக்கும் இடையே, திருகோணமலை நீரிணை ஒன்று இருக்கிறது. அதன் ஆங்கில எழுத்துக்கூட்டல் சற்றுக் குறுகியது. நமது துறைமுகத்துக்கு வரவேண்டிய எந்தக் கப்பலும் அங்கே போய்ச் சேர்ந்ததாக நான் கேள்விப்படவில்லை.

கப்பலின் பெயரை மாற்றியதால் ஒரு பதிவேடுதான் குழம்பியது. வீதியின் பெயரை மாற்றினால் குழம்பப்போவது குடும்பங்களின் பெட்டிகளில் இருக்கும் காகிதங்கள். காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், தேசிய அடையாள அட்டை, வாக்காளர் இடாப்பு, மின்சாரப் பட்டியல், வங்கிப் புத்தகம் என ஒவ்வொன்றிலும் பழைய பெயர் இருக்கும். பிள்ளையை முதலாம் தரத்துக்குச் சேர்க்கப் போகும் பெற்றோர் வதிவிடத்தை நிரூபிப்பதற்கு அடுக்கிக்கொண்டு நிற்கும் காகிதங்களில் ஒன்று ஒரு பெயரிலும் இன்னொன்று மற்றப் பெயரிலும் இருந்தால், அவர்கள் யாரிடம் போய் விளக்குவார்கள்? போரால் இடம்பெயர்ந்து பல ஆண்டுகளுக்குப் பின் திரும்பிய குடும்பங்களுக்கு, அந்தக் காணி தங்களுடையது என்று சொல்ல எஞ்சியிருக்கும் ஒரே ஆதாரம் பழைய விலாசம் எழுதிய ஓர் உறுதியாக இருக்கலாம். இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். பெயர்மாற்றம் என்ற பேச்சைக் கேட்டவுடனேயே இந்த மாவட்டத்தின் தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் ஆகிய மூன்று சமூகத்தவரும் ஒருவரையொருவர் சந்தேகத்தோடு பார்ப்பார்கள். அதற்கு வரலாற்றுக் காரணங்கள் இருக்கின்றன. தபால் வசதிக்காகத் தொடங்கிய ஒரு வேலை, யாருடைய பெயர் எஞ்சுவது என்ற வழக்காக முடிந்துவிடக் கூடாது.

இதனால் புதுப்பெயர் சூட்டும்போது கவனமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஏற்கெனவே இருக்கும் பெயரை மதிப்பதும், புதிய வீட்டுத்திட்டம் ஒன்றுக்கு அதே பெயரை மீண்டும் சூட்டுவதும் வேறு வேறு. வடக்கிலும் கிழக்கிலும் காந்திநகர்களும் பாரதிபுரங்களும் கணேசபுரங்களும் பெருகியதற்குக் காரணம், அவற்றுக்குப் பெயரிட்டவர்கள் பக்கத்துப் பிரதேச செயலகத்தின் பட்டியலைப் பார்க்காததே. முல்லைத்தீவிலும் மட்டக்களப்பிலும் புதுக்குடியிருப்பு இருப்பது பழைய குடியேற்றங்களின் இயல்பான விளைவு. அதை மன்னிக்கலாம், இரசிக்கவும் செய்யலாம். கோவளம் என்ற பெயர் காரைநகரிலும் கன்னியாகுமரியிலும் சென்னைக்குத் தெற்கிலும் திருவனந்தபுரத்துக்கு அருகிலும் கடலோரமாகவே திரிவதும் அப்படித்தான். ஆனால் கணினிப் பட்டியல் கையில் இருக்கும் இக்காலத்தில் ஒரே பிரதேச சபை எல்லைக்குள் மூன்றாவது கோயில் வீதியை உருவாக்குவது சோம்பலன்றி வேறில்லை. ஜப்பானில் 1995 இல் இபராகி மாகாணத்தின் கஷிமா நகரமாகத் தரமுயர்ந்தபோது, சாகா மாகாணத்தில் அதே பெயரில் ஏற்கெனவே ஒரு நகரம் இருந்ததால், ஒலியை அப்படியே வைத்துக்கொண்டு எழுத்தை மட்டும் வேறாக எழுதிக்கொண்டார்கள். பெயர் சூட்டும் தருணத்தில், ஒரு தடவை, முன்கூட்டியே யோசித்தார்கள்.

சுற்றுலாவுக்காகப் பெயர்களைத் திருத்தலாம் என்று சொல்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. நிலாவெளிக்கு எதிரேயுள்ள புறாத்தீவு 2003 இல் தேசியப் பூங்காவாக்கப்பட்டது. அதே ஆங்கிலப் பெயரில் கரிபியக் கடலில் சென் லூசியாவிலும் கர்நாடகத்தில் முருடேஸ்வரத்துக்கு அப்பாலும் இடங்கள் உள்ளன. திருகோணமலையின் பிரெட்றிக் கோட்டைப் பெயரும் நமக்கு மட்டும் உரியதன்று. யோர்க் கோமகன் பிரெட்றிக்கின் பெயரால் தென்னாபிரிக்காவின் போர்ட் எலிசபெத்தில் 1799 இல் கட்டப்பட்ட கோட்டையும் அதே பெயருடையது. அந்த நகரத்தின் பெயர் 2021 இல் மாறிவிட்டது. கோட்டையின் பெயர் மாறவில்லை. இவற்றை மறைப்பதைவிட, உள்துறைமுக வீதியில் ஒரு பலகை வைத்து எழுதுவது வருகிறவர்களுக்குச் சுவையாக இருக்கும்.

இனி ஆட்களைப் பற்றி. இதில் விளையும் தீங்கு வீதிகளால் விளைவதைவிடப் பெரியது. கோணேஸ்வரன், கோணேஸ்வரி, கோணேசபிள்ளை, கோணலிங்கம், மாதுமை என்று தலத்து இறைவனின் பெயரையும் இறைவியின் பெயரையும் பிள்ளைகளுக்கு வைப்பது இம்மாவட்டச் சைவர்களின் வழக்கம். முகம்மது என்று தொடங்கும் பெயர்கள் கிண்ணியாவிலும் மூதூரிலும் வீட்டுக்கு வீடு இருக்கும். முன்னெழுத்து ஒன்று மட்டும் இருந்தால், ஒரே ஒழுங்கையில் இரண்டு க. கோணேஸ்வரன்கள் இருப்பது வெகு இயல்பு. தபால்காரருக்கு ஒருவர் மாஸ்டர், மற்றவர் கடலுக்குப் போகிறவர். கடிதம் சரியான கைக்குப் போய்விடும். ஐஸ்லாந்தில் தொலைபேசிப் புத்தகத்தை முதற்பெயரின் வரிசையில் அச்சிட்டு, பக்கத்தில் தொழிலையும் குறிப்பிடும் வழக்கம் இருந்தது. ஸ்கொட்லாந்தின் வடகிழக்கு மீனவர் கிராமங்களில் குடும்பப் பெயர்கள் மிகச் சிலவே என்பதால், பட்டப்பெயர்கள் அதிகாரபூர்வப் பதிவுகளிலேயே இடம்பெற்றன. கொரியாவில் ஐவரில் ஒருவர் கிம். அங்கே எவரும் கிம் குடும்பத்தைப் பெயர்மாற்றச் சொல்லவில்லை.

நமது அலுவலகப் பட்டியல்களோ மாஸ்டரையும் அறியா, கடலையும் அறியா. நலன்புரிக் கொடுப்பனவு, வீட்டுத்திட்டம், வைத்தியசாலைச் சிகிச்சை நாள் ஆகிய எதற்கான பட்டியலானாலும் முன்னெழுத்தோடு கூடிய பெயரை மட்டும் ஒட்டிவிடுகிற பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. விண்ணப்பத்தில் கேட்ட கிராம உத்தியோகத்தர் பிரிவும் அடையாள அட்டை இலக்கமும் அறிவித்தல் பலகைக்கு வந்துசேர்வதற்குள் உதிர்ந்துவிடுகின்றன. பெயர் இருக்கிறது என்று மகிழ்ந்து பயணச் செலவு செய்து வந்தவரிடம், அது நீங்கள் இல்லை, வேறொருவர் என்று சொல்லும் காட்சியை நீங்களும் கண்டிருப்பீர்கள். 2004 டிசம்பர் 26 இன் ஆழிப்பேரலைக்குப் பிந்திய நாட்களில், முகாம்களிலும் வைத்தியசாலைகளிலும் ஒட்டப்பட்ட பெயர்களை விரலால் தொட்டுத் தொட்டு வாசித்தவர்களுக்கு இந்தக் குறை எத்தகையது என்று விளக்க வேண்டியதில்லை. தந்தையின் முழுப்பெயரும் ஊரும் பக்கத்தில் இருந்திருந்தால், பொய்யான நம்பிக்கையோடு இன்னொரு முகாமுக்கு ஓடியவர்களுள் சிலரேனும் ஓடியிருக்கமாட்டார்கள்.

ஆகையால் நான் கேட்பது அதிகமில்லை. பெயர்மாற்ற யோசனை எந்த மன்றத்தில் வந்தாலும் அதை ஒத்திவைத்து, முதலில் மாவட்டம் முழுவதற்கும் பொதுவான வீதி, குடியிருப்புப் பெயர்ப் பதிவேடு ஒன்றை மூன்று மொழிகளிலும் உருவாக்குங்கள். தமிழ்ப் பெயருக்கு ஆங்கிலத்தில் ஒரே எழுத்துக்கூட்டலை நிலைநிறுத்துங்கள். ஒரே இடத்துக்கு நான்கு எழுத்துக்கூட்டல்கள் இருப்பது, நான்கு இடங்களுக்கு ஒரு பெயர் இருப்பதைவிடத் தொல்லையானது. புதுப்பெயர் எதுவும் அந்தப் பதிவேட்டைப் பார்க்காமல் நிறைவேறக் கூடாது. வீதிப் பலகைகளைப் புதுப்பிக்கும்போது பெயருக்குக் கீழே கிராம உத்தியோகத்தர் பிரிவையும் தபாற் குறியீட்டையும் எழுதுங்கள். நோயாளர் காவு வண்டிக்கான 1990 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்துப் பதற்றத்தோடு பேசுகிறவர் எதிரே தெரியும் பலகையை அப்படியே வாசித்தால் போதும் என்ற நிலை வரவேண்டும். இரண்டு கோயில் வீதிகள் இருந்தால், பழைய பெயரை நீக்காமல், வட, தென், மேலை, கீழை என்ற சொற்களை முன்னால் சேர்க்கலாம். உறுதிகளிலும் சான்றிதழ்களிலும் இருக்கும் பெயர் அதற்குள் அப்படியே இருப்பதால் ஆவணத் தகராறு எழாது.

ஆட்களின் பட்டியல்களில் முன்னெழுத்தை விரித்து எழுதுங்கள். 2016 முதல் 12 இலக்கமாகியிருக்கும் அடையாள அட்டை எண்ணை முழுவதும் சுவரில் ஒட்டுவது அவரவர் அந்தரங்கத்துக்குக் கேடு; கடைசி நான்கு இலக்கங்களும் பிரிவின் பெயரும் போதும். இதற்குப் புதிய சட்டமோ பெரும் செலவோ தேவையில்லை. அடுத்த பட்டியலைத் தட்டச்சு செய்யும் உத்தியோகத்தருக்கு இரண்டு நிரல்களைக் கூட்டுமாறு ஒரு சுற்றறிக்கை அனுப்பினால் போதும். அதை வரும் மாதாந்தக் கூட்டத்திலேயே எடுத்துக்கொள்ளுமாறு வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற தபால் ஊழியர் ஒருவர்,
திருகோணமலை, 31000.